விடுபட்ட தரவுக்கு எந்தக் குறி போடுவது? புள்ளியியல் நிரலாக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஐந்து பேரிடம் வயது கேட்டாயிற்று. நான்கு பேர் சொன்னார்கள்: 24, 31, 28, 35. ஐந்தாமவர் சொல்லவில்லை. அவருடைய கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

நான்கு பேரின் சராசரி 29.5. ஐந்தாவது கட்டத்தில் 999 போட்டால் சராசரி 223.4 ஆகிவிடும், பார்த்த மாத்திரத்தில் தவறு தெரியும். -99 போட்டால் 3.8 வரும், அதுவும் மாட்டிக்கொள்ளும். 99 போட்டால் 43.4. 0 போட்டால் 23.6. கடைசி இரண்டும்தான் ஆபத்தானவை. 43.4, 23.6 இரண்டுமே ஒரு குழுவின் சராசரி வயதாக இருக்கக்கூடிய எண்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அந்தக் கட்டத்தில் மதிப்புக்குப் பதிலாக நாம் எழுதுவதை இனி விடுபடல் குறி என்று சொல்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, அந்தக் குறி ஒரு சாதாரண எண்ணாகக் கணக்குக்குள் நுழைய முடியக் கூடாது. இரண்டு, மதிப்பு ஏன் இல்லை என்ற காரணத்தை அது விழுங்கிவிடக் கூடாது. முதலாவதை நாம் பயன்படுத்தும் மென்பொருள் ஓரளவு பார்த்துக்கொள்ளும். இரண்டாவது முழுக்க முழுக்க நம் பொறுப்பு. பெரும்பாலான திட்டங்களில் கோட்டைவிடுவது அங்கேதான்.

முதல் படி: ஏன் இல்லை என்று கேளுங்கள்

குறியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் தரவில் ஒரு மதிப்பு இல்லாமல் போவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்று எழுதிப் பாருங்கள். கேள்வியே கேட்கப்படவில்லை. கேட்டும் பதில் சொல்ல மறுத்துவிட்டார். தெரியாது என்றார். அவருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது; வேலையில் இல்லாதவரிடம் சம்பளம் கேட்பது போல. கருவி பழுதாகிவிட்டது. பதிவான மதிப்பு நம்ப முடியாததாக இருந்ததால் நாமே நீக்கினோம். இன்னும் வந்து சேரவில்லை, அடுத்த வாரம் வரும்.

இவை எல்லாவற்றையும் ஒரே வெற்றுக் கட்டமாக ஆக்கினால் என்ன இழப்பு? நிறைய. டொனால்ட் ரூபின் 1976-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, விடுபட்ட தரவைக் கையாளும் முறைகள் எல்லாமே ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன: மதிப்பு விடுபடுவது எதைப் பொறுத்தது? தற்செயலாக விடுபட்டதா, நாம் அளந்த வேறு மாறிகளைப் பொறுத்து விடுபட்டதா, அல்லது விடுபட்ட அந்த மதிப்பையே பொறுத்ததா? வருமானம் அதிகம் உள்ளவர்களே வருமானத்தைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால், மறுத்தவர்களையும் கேள்வி கேட்கப்படாதவர்களையும் ஒரே குறிக்குள் அடைத்த பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தரவுத்தள உலகத்திலும் இதே சிக்கல் உண்டு. தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தள மாதிரியை 1970-ல் முன்வைத்த எட்கர் காட், மதிப்பு இல்லாத கட்டத்தில் தரவுத்தளம் வைக்கும் ‘நல்’ என்ற ஒரே ஒரு குறி போதாது என்று பின்னாளில் வாதிட்டார். மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறி; இந்த வரிசைக்கு அந்த மதிப்பு பொருந்தவே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறி. தரவுத்தளத்திடம் தரவைக் கேட்டு வாங்கும் மொழியான எஸ்க்யூஎல் அதை ஏற்கவில்லை. அதனால் அந்த வேறுபாட்டை இன்றும் நாம்தான் கையால் சுமக்க வேண்டியிருக்கிறது.

விடுபடல் போலத் தோன்றினாலும் விடுபடல் அல்லாத இரண்டையும் இப்போதே பிரித்து வைத்துவிடுங்கள். ஒன்று பூஜ்யம். மழைமானியில் 0 என்றால் மழை பெய்யவில்லை. வெற்றிடம் என்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டும் எதிரெதிர்த் தகவல்கள். இன்னொன்று, கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள அளவு. ஆய்வகத்திலிருந்து ‘< 0.5’ என்று வந்தால் மதிப்பு தெரியவில்லை என்று பொருள் அல்ல, 0.5-க்குக் கீழே இருக்கிறது என்பது தெரிகிறது. அதை விடுபடல் குறியாக மாற்றினால் கையில் இருக்கும் தகவலைத் தூக்கி எறிகிறோம். எல்லை மதிப்பு ஒரு நெடுவரிசையிலும், ‘எல்லைக்குக் கீழே’ என்ற அடையாளம் பக்கத்து நெடுவரிசையிலும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: எண்ணைக் குறியாக வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால்

9, 99, 999, -9999 என்ற பழக்கம் துளை அட்டைக் காலத்தில் வேரூன்றியது. ஓர் அட்டையில் 80 இடங்கள். வயதுக்கு இரண்டு இடம் ஒதுக்கினால் அந்த இரண்டிலும் இலக்கங்கள்தான் வரும். அதனால் இடம் முழுவதையும் 9 என்ற இலக்கத்தால் நிரப்பி, ‘தெரியாது’ என்று பொருள் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது நியாயமான தீர்வு. இன்றைக்கும் பெரிய ஆய்வுகளின் கோப்புகளில் அந்த வழக்கம் தொடர்கிறது. அமெரிக்காவின் தேசிய உடல்நலம் மற்றும் ஊட்டச்சத்து ஆய்வான என்ஹேன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு 7, 77, 777. தெரியாது என்றவர்களுக்கு 9, 99, 999. நெடுவரிசையின் அகலத்தைப் பொறுத்துக் குறி மாறும். ஒரு கேள்வியில் 7 என்பது மறுப்பு. இரண்டு இலக்க விடை வரும் இன்னொரு கேள்வியில் 7 என்பது உண்மையான விடை, மறுப்புக்கு 77. கோப்பு முழுவதற்கும் ‘7 என்றால் விடுபடல்’ என்று ஒரே வரியில் மாற்றினால் நல்ல விடைகளும் சேர்ந்து அழியும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இயந்திரக் கற்றல் படிக்கும் பலரும் கையில் எடுக்கும் பீமா இந்தியர் நீரிழிவுத் தரவுத்தொகுப்பைத் திறந்து பாருங்கள். மொத்தம் 768 பெண்கள். இன்சுலின் நெடுவரிசையில் 374 பூஜ்யங்கள். தோல் மடிப்பின் தடிமனில் 227. ரத்த அழுத்தத்தில் 35. உடல் நிறைக் குறியெண்ணில் 11. ரத்த அழுத்தம் பூஜ்யமாக உள்ள 35 பேர் ஆய்வுக்கு வந்து உட்கார்ந்திருக்க முடியாது. அவை அளக்கப்படாத மதிப்புகள். ஆனால் அதே கோப்பில் கருவுற்ற எண்ணிக்கை என்ற நெடுவரிசையில் வரும் 0 உண்மையான 0. நீரிழிவு இல்லை என்பதற்கான 0 கூட உண்மையான 0தான். ஒரே குறி, ஒரே கோப்பு, நெடுவரிசைக்கு ஒரு பொருள். இந்தப் பூஜ்யங்களை அப்படியே கணிப்பு மாதிரிக்குள் ஊட்டிவிட்டுத் துல்லியத்தைப் பற்றிப் பேசும் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்சுலின் நெடுவரிசையில் ஏறக்குறைய பாதி, யாரும் அளக்காத எண்.

எண் குறிகளில் இன்னொரு கண்ணி உண்டு. உலக நாடுகளின் அன்றாட வானிலைப் பதிவுகளைத் தரும் ஜிஎச்சிஎன் கோப்புகளில் விடுபடல் குறி -9999. அங்கே வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி அலகில் இருக்கும்; 31.4 டிகிரி என்றால் 314. நீங்கள் முதலில் நெடுவரிசை முழுவதையும் பத்தால் வகுத்துவிட்டு, பிறகு -9999-ஐத் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் -999.9 ஆகியிருக்கும். ‘விடுபடல் எதுவும் இல்லை’ என்று நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால் விதி இதுதான்: குறியை மாற்றுவது முதலில், அலகு மாற்றுவது அப்புறம். வரிசை தப்பினால் கையைச் சுடும்.

தசம எண்களில் பெரிய எண்ணைக் குறியாக வைக்கும்போது துல்லியச் சிக்கலும் வரும். காலநிலை மாதிரிகளின் கோப்புகளில் 10-இன் 20-ஆம் அடுக்கைக் குறியாக வைப்பது வழக்கம். அது 32 பிட் தசமமாகச் சேமிக்கப்பட்டால் சரியாக அந்த எண்ணாக இருக்காது. மிக அருகில் உள்ள வேறோர் எண்ணாக இருக்கும். அதை 64 பிட் எண்ணோடு ‘சமமா’ என்று ஒப்பிட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். நெட்சிடிஎஃப் போன்ற கோப்பு வகைகளில் நிரப்பு மதிப்பு இன்னது என்று கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த நூலகத்திடம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பிடம், வேலையை விட்டுவிடுங்கள். கையால் ஒப்பிட வேண்டாம்.

எண்ணைத்தான் வைக்க முடியும் என்ற கட்டாயம் சில இடங்களில் உண்டு: பழைய கருவி, நிலையான அகலக் கோப்பு, செயற்கைக்கோள் படம். அப்போது குறி உண்மையான மதிப்புகளின் வரம்புக்கு வெகு தூரத்தில் இருக்கட்டும். 99 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். -99 வயதுக்காரர் இல்லை. ஆனால் வெப்பநிலைக்கு -99 உதவாது, அலகைப் பொறுத்து உண்மை மதிப்போடு மோதும். எல்லா நெடுவரிசைகளுக்கும் ஒரே குறி வையுங்கள். குறி இன்னது என்று தரவு அகராதியில், அதாவது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள் சொல்லும் குறிப்பில், எழுதுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் மென்பொருளின் சொந்தக் குறியை அறிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சுபாவம் உண்டு. விடுபட்ட மதிப்பை ஒரு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஆர் மொழியில் குறி ‘என்ஏ’. புள்ளியியலுக்காகவே பிறந்த மொழி என்பதால் எண், சரம் (எழுத்துகளின் தொடர்), ஆம்-இல்லை என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி என்ஏ உண்டு. என்ஏ-வும் என்ஏ-வும் சமமா என்று கேட்டால் பதிலும் என்ஏ. இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் தெரியாத இரண்டு வயதுகள் சமமா என்று கேட்டால் ‘தெரியாது’ என்பதுதானே நேர்மையான பதில்? அதனால் சமக்குறி போட்டுத் தேடாமல் ‘இஸ்.என்ஏ’ என்ற ஃபங்ஷனால் தேட வேண்டும். என்ஏ-வை நிபந்தனைக்குள் கொடுத்தால் ஆர் பிழை காட்டி நின்றுவிடும். பதில் எப்படியும் மாறாது என்றால் மட்டும் தயங்காது: ‘என்ஏ அல்லது உண்மை’ என்று கேட்டால் ‘உண்மை’ என்றே சொல்லும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சுவையான விஷயம். ஆர் மொழியின் முழு எண் என்ஏ உண்மையில் -2147483648 என்ற எண். அதாவது 32 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணை மொழியே குறியாக எடுத்துக்கொண்டுவிட்டது. தசம எண்ணின் என்ஏ, ‘எண் அல்ல’ என்று பொருள்படும் என்ஏஎன் வகை ஒன்றின் உள்ளே 1954 என்ற எண் பொதிந்தது. ஆர் மொழிக்குள் இருக்கும்வரை இது உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் சி மொழியில் எழுதிய துணை நிரலுக்குத் தரவை அனுப்பி, திரும்பி வரும்போது எங்கோ -2147483648 தலைகாட்டினால் அது என்ன என்று உடனே புரியும்.

பைத்தான் மொழியில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகமான பாண்டாஸ் வேறு வழியில் வளர்ந்தது. அதற்கு அடித்தளமான நம்பை நூலகத்தில் விடுபடலுக்கென்று தனிக் குறி இல்லாததால், தசம எண்களின் என்ஏஎன் அந்த வேலையையும் பார்த்தது. என்ஏஎன் என்பது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பது போன்ற பொருளற்ற கணக்கின் விளைவைக் குறிக்க வந்தது. ‘அளக்கப்படவில்லை’, ‘கணக்கு கெட்டுப்போனது’ இரண்டுக்கும் ஒரே குறி என்றாகிவிட்டது. இதைவிடப் பெரிய தொல்லை, முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு விடுபடல் வந்தாலும் நெடுவரிசை முழுவதும் தசம எண்ணாக மாறிவிடுவது. 3 என்பது 3.0 ஆவது கண்ணுக்குத்தான் உறுத்தல். ஆனால் 17 இலக்க அடையாள எண்கள் இருந்தால்? 64 பிட் தசமம் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் சரியாகத் தாங்காது. கடைசி இலக்கம் மாறிப்போகும். ஒருவருடைய வரிசை இன்னொருவருடைய அடையாளத்தைச் சுமக்கும். இதற்குத் தீர்வாக, பெரிய எழுத்தில் தொடங்கும் ‘இன்ட்64’ என்ற, விடுபடலை ஏற்கும் முழு எண் வகை வந்தது. 2020-ல் வெளியான 1.0 பதிப்பில் ‘பிடி.என்ஏ’ என்ற பொதுக் குறியும் சேர்ந்தது. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு இவற்றையே பயன்படுத்தச் சொல்வேன். அடையாள எண்களைக் கூட்டப்போவதும் இல்லை, கழிக்கப்போவதும் இல்லை. அவற்றைச் சரமாகவே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

சுபாவத்தைப் பாருங்கள்: என்ஏஎன் 3-ஐ விடப் பெரியதா என்றால் ‘இல்லை’ என்று அமைதியாகச் சொல்லும். பிடி.என்ஏ-வை நிபந்தனைக்குள் கொடுத்தால் பிழை எழுப்பும். ஜூலியா மொழியின் ‘மிஸ்ஸிங்’ என்பதும் பிழை எழுப்பும். எரிச்சலாக இருந்தாலும் கத்துகிற குறியே நல்ல குறி. அமைதியாக ‘இல்லை’ என்று சொல்கிற குறி, உங்களுக்குப் பதிலாகத் தானே ஒரு முடிவை எடுத்துவிடுகிறது.

சாஸ், ஸ்டேட்டா என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களிலும் எண்களுக்கான குறி ஒரு வெறும் புள்ளி. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நேர் எதிரானவை. சாஸில் விடுபடல் எல்லா எண்களையும்விடச் சிறியது. ‘வயது < 18’ என்று சிறாரைப் பிரித்தால் வயது தெரியாதவர்கள் எல்லாரும் சிறார் ஆகிவிடுவார்கள். ஸ்டேட்டாவில் விடுபடல் எல்லா எண்களையும்விடப் பெரியது. ‘வயது > 60’ என்று முதியவர்களைப் பிரித்தால் அதே ஆட்கள் முதியவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரே கோப்பு, ஒரே ஆட்கள், ஒரு மென்பொருளில் குழந்தை, மற்றொன்றில் கிழவர். இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் பெரிய, சிறிய ஒப்பீடு வரும் ஒவ்வொரு வரியிலும் ‘விடுபடாதவர்களில்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தே எழுதப் பழக வேண்டும்.

இந்த இரண்டுக்கும் ஒரு பெரிய நற்குணமும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக் காரணத்தையும் பதியலாம். ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்துகளும் வெறும் புள்ளியும் சேர்ந்து ஸ்டேட்டாவில் 27 குறிகள். சாஸில் அடிக்கோடு போட்ட புள்ளியும் சேர்ந்து 28. மறுத்தவருக்கு ஓர் எழுத்து, பொருந்தாதவருக்கு ஓர் எழுத்து என வைத்துக்கொள்ளலாம். கணக்கு போடும்போது எல்லாமே விடுபடலாகத்தான் நடத்தப்படும். நான் முதலில் சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் ஒரே கட்டத்துக்குள் நிறைவேற்றும் குறி இதுதான். பிற மொழிகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு.

எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் எண்ணை எண்ணாகவே வைத்துவிட்டு, ‘இந்த மாறியில் 97, 98, 99 விடுபடல்’ என்று அறிவிக்கலாம். ஒரு மாறிக்கு அதிகபட்சம் மூன்று தனி எண்கள், அல்லது ஒரு வீச்சும் ஒரு தனி எண்ணும். அறிவிப்பு இருக்கும்வரை நல்லது. கோப்பை ஆர் மொழியின் ஹேவன் தொகுப்பால் திறந்தால், வேறாகச் சொல்லாதவரை அந்த மூன்றும் ஒரே என்ஏ ஆகிவிடும். காரணம் போயே போச்சு. பயனர் வரையறுத்த விடுபடல்களை வைத்திரு என்று படிக்கும்போதே சொல்ல வேண்டும். கோப்பை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் சிஎஸ்வி ஆக ஏற்றுமதி செய்தால் தலைகீழ்: அறிவிப்பு உதிர்ந்து, 99 என்ற எண் மட்டும் உண்மை மதிப்பு போல வந்து நிற்கும்.

எஸ்க்யூஎல் ‘நல்’ பற்றிச் சுருக்கமாக: ‘ஊர் மதுரை அல்ல’ என்பதுபோல் ஒரு நிபந்தனை எழுதினால் ஊர் தெரியாத வரிசைகள் வராது. ஒரு பட்டியலில் ‘இல்லாதவை’ என்று கேட்டு, அந்தப் பட்டியலுக்குள் ஒரே ஒரு ‘நல்’ இருந்துவிட்டால் ஒரு வரிசைகூடத் திரும்பாது. வரிசைகளின் எண்ணிக்கையும் ஒரு நெடுவரிசையின் எண்ணிக்கையும் வேறு வேறு. ‘நல்’ இரண்டாவதில் சேராது.

நான்காம் படி: கோப்பைப் படிக்கும்போதே குறியை அறிவியுங்கள்

ஒருமுறை எனக்கு வந்த கோப்பில், எடை என்ற ஒரே நெடுவரிசையில் வெற்றிடம், ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, ‘தெரியாது’, ‘தெறியாது’, 0, 999, ஒரு கேள்விக்குறி எல்லாம் இருந்தன. நான்கு பேர் சேர்ந்து தட்டச்சு செய்திருந்தார்கள், ஆளுக்கொரு வழக்கம். இந்த மாதிரிக் கோப்பை நேரடியாகப் படிக்காதீர்கள். முதலில் எல்லா நெடுவரிசைகளையும் சரமாகவே படியுங்கள். எண்ணாக மாற முடியாத வெவ்வேறு மதிப்புகளையும், எத்தனை முறை வருகின்றன என்பதையும் பட்டியலிடுங்கள். எண்களில் அதிகபட்சம், குறைந்தபட்சம், அடிக்கடி வரும் மதிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். 999 அங்கே மாட்டும். பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன என்று தரவு தந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு, நெடுவரிசை வாரியாகக் குறிகளை அறிவித்து மறுபடி படியுங்கள்.

இந்த வேலையைத் தவிர்த்தால் என்ன ஆகும்? ஆர் மொழியில் எண் நெடுவரிசைக்குள் ஒரே ஒரு ஒற்றைக் கோடு இருந்தாலும் நெடுவரிசை முழுவதும் சரமாகிவிடும். 2020-ல் 4.0 பதிப்பு வரும் முன்பு அது ஃபேக்டராக, அதாவது ஒவ்வொரு வெவ்வேறு மதிப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைக்கும் வகையாக, மாறும். ஃபேக்டரை நேரடியாக எண்ணாக மாற்றினால் 72 கிலோ என்பது அதன் வரிசை எண்ணாக, 14 என்றோ 23 என்றோ வரும். பழைய நிரல்களில் இது இன்றும் ஒளிந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: உண்மையான மதிப்பு விடுபடலாகிவிடும். நமீபியாவின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு என்ஏ. ஆர் மொழியும் பாண்டாஸும் அதைத் தானாகவே விடுபடல் என்று எடுத்துக்கொள்ளும். நாடு வாரியான ஆய்வில் ஒரு நாடே காணாமல் போகும். பாண்டாஸில் குழுவாகப் பிரிக்கும்போது விடுபட்ட குழுக்கள் இயல்பாகவே விடப்படுவதால் இறுதி அட்டவணையில் தடயமும் இருக்காது. பாண்டாஸ் இயல்பாக விடுபடலாக எடுக்கும் சரங்களின் பட்டியல் நீளமானது. ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதில் உண்டு. எனவே அந்த இயல்புப் பட்டியலை அணைத்துவிட்டு, உங்கள் கோப்புக்குரிய குறிகளை மட்டும் நீங்களே கொடுங்கள். இரண்டு வரி கூடுதல் வேலைதான்.

ஐந்தாம் படி: காரணத்துக்குத் தனி நெடுவரிசை

சாஸ், ஸ்டேட்டா தவிர மற்ற இடங்களில் நான் செய்வது இதுதான். ‘வருமானம்’ என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் ‘வருமானம்_காரணம்’ என்று ஒன்று. மதிப்பு இருந்தால் காரணம் ‘பதிவு’. மதிப்பு இல்லை என்றால் முதல் நெடுவரிசையில் மென்பொருளின் சொந்தக் குறி, இரண்டாவதில் ‘மறுப்பு’, ‘தெரியாது’, ‘பொருந்தாது’, ‘கேட்கவில்லை’, ‘நீக்கியது’ இவற்றில் ஒன்று. ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகாதீர்கள். தட்டச்சு செய்பவருக்குக் குழப்பம் வந்தால் எல்லாமே ‘தெரியாது’ ஆகிவிடும்.

இதன் பலன் உடனே கையில் கிடைக்கும். மறுத்தவர்கள் எந்த வயதில் அதிகம் என்று ஒரே வரியில் குறுக்கு அட்டவணை போடலாம். ‘பொருந்தாது’ உள்ளவர்களை விகிதத்தின் பகுதியிலிருந்தே (கீழ் எண்ணிலிருந்தே) நீக்க வேண்டும். ‘மறுப்பு’ உள்ளவர்களை நீக்கக் கூடாது. வேலையில் உள்ள 60 பேரில் 45 பேர் சம்பளத்தைச் சொன்னார்கள் என்றால் பதில் தந்தவர்கள் 75 சதவீதம். வேலையில் இல்லாத 40 பேரையும் ‘விடுபடல்’ என்று சேர்த்துவிட்டால் 45 சதவீதமாகிவிடும். கேள்வி நன்றாக வேலை செய்திருந்தும் தோற்றுவிட்டதுபோலத் தெரியும்.

இரண்டு நெடுவரிசைகளும் முரண்படவில்லை என்பதற்கு ஒரு சோதனை எழுதி வையுங்கள்: மதிப்பு இருந்து காரணம் ‘பதிவு’ அல்லாத வரிசையும், மதிப்பு இல்லாமல் காரணம் ‘பதிவு’ என்றுள்ள வரிசையும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிற்பாடு விடுபட்ட இடங்களைக் கணித்து நிரப்பினால், ‘கணித்தது’ என்ற அடையாளம் அந்த நெடுவரிசையிலேயே இடம்பெறட்டும். கணித்த மதிப்பும் அளந்த மதிப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.

ஆறாம் படி: கணக்கு போடும்போது எண்ணிக்கையைக் கண்காணியுங்கள்

ஆர் மொழியோடு வரும் ‘ஏர்குவாலிட்டி’ தரவை வைத்தே பார்க்கலாம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கின் காற்றுத் தர அளவீடுகள், 153 நாட்கள். ஓசோன் நெடுவரிசையில் 37 என்ஏ. சராசரி கேட்டால் என்ஏ என்று வரும். விடுபடல்களை நீக்கச் சொல்லும் ‘என்ஏ.ஆர்எம்’ என்ற தேர்வை உண்மை ஆக்கினால் 42.13. சரி, ஆனால் அது 153 நாட்களின் சராசரி அல்ல, 116 நாட்களின் சராசரி. ஓசோனைச் சூரியக் கதிர்வீச்சோடு தொடர்புபடுத்தி நேர்கோட்டு மாதிரி போட்டால் 42 வரிசைகள் நீக்கப்பட்டு 111 மட்டுமே மிஞ்சும்; சுருக்கத்தின் அடியில் ஒரு சிறு வரியாக அது எழுதப்பட்டிருக்கும். இன்னொரு மாறியைச் சேர்த்தால் இன்னும் குறையலாம். அப்போது இரண்டு மாதிரிகளும் வேறு வேறு நாட்களை வைத்துப் போட்டவை. ஒன்றோடொன்று ஒப்பிடுவது தவறாகிவிடும். எந்த முடிவை எழுதினாலும் பக்கத்தில் எத்தனை வரிசைகள் என்று எழுதுங்கள்.

பாண்டாஸ் கேட்காமலேயே விடுபடல்களைத் தவிர்த்துச் சராசரி தரும். முழுவதும் விடுபட்ட நெடுவரிசையைக் கூட்டச் சொன்னால் 0 என்று சொல்லும். மழை அளக்கப்படாத மாதத்தின் மொத்த மழை 0 என்று அட்டவணையில் ஏறிவிடும். கூட்டுவதற்குக் குறைந்தது எத்தனை மதிப்புகள் வேண்டும் என்ற தேர்வு, ‘மின்_கவுன்ட்’, அங்கே உண்டு. அதில் 1 கொடுத்தாலே இந்தத் தவறு நின்றுவிடும்.

அடையாள எண் போன்ற ஒரு திறவுகோலை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைப்பதிலும் கவனம் தேவை. எஸ்க்யூஎல்லில் ‘நல்’ இன்னொரு ‘நல்’லோடு பொருந்தாது. பாண்டாஸ், ஆர் இரண்டும் இயல்பாகப் பொருத்திவிடும். இடது அட்டவணையில் அடையாள எண் இல்லாத 200 வரிசைகளும் வலது அட்டவணையில் 300 வரிசைகளும் இருந்தால் 60,000 போலி வரிசைகள் முளைக்கும். இணைக்கும் முன் திறவுகோல் விடுபட்ட வரிசைகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: வெளியே எழுதும்போதும், அச்சிடும்போதும்

ஆர் சிஎஸ்வி எழுதும்போது விடுபடலை என்ஏ என்று எழுதும். பாண்டாஸ் வெற்றிடமாக விடும். பாண்டாஸ் எழுதியதை ஆர் மொழியின் அடிப்படை ஃபங்ஷனால் படித்தால் எண் நெடுவரிசையின் வெற்றிடம் என்ஏ ஆகும். சர நெடுவரிசையின் வெற்றிடமோ நீளமில்லாத சரமாகவே நிற்கும். ‘பதில் இல்லை’ என்பது ‘வெற்றுப் பதில்’ ஆகிவிடுகிறது. இரு பக்கமும் ஒரே குறியை வெளிப்படையாகக் கொடுங்கள். நிரல்களுக்கிடையே தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசான் தரத்தில் என்ஏஎன்-க்கு இடமே இல்லை. பைத்தான் அதை எழுதிவிடும், மறுமுனையில் படிப்பவர் பிழை வாங்குவார். பார்க்கெட் போன்ற கோப்பு வடிவங்கள் விடுபடலை மதிப்பிலிருந்து தனியே வைத்துச் சேமிப்பதால், வாய்ப்பு இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்வேன். எதுவானாலும் எழுதிய கோப்பைத் திரும்பப் படித்து, ஒவ்வொரு நெடுவரிசையிலும் விடுபடல் எண்ணிக்கை முன்பு இருந்ததுதானா என்று ஒப்பிடுங்கள்.

மனிதர்கள் படிக்கும் அட்டவணைக்கு வேறு குறி வேண்டும். அங்கே என்ஏ என்றோ -9999 என்றோ விடாதீர்கள். வெற்றுக் கட்டமும் வேண்டாம், அச்சுப் பிழையா தகவல் இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஸ்டாட் அட்டவணைகளில் தகவல் கிடைக்கவில்லை என்பதற்கு முக்காற்புள்ளி, உலக வங்கி அட்டவணைகளில் இரண்டு புள்ளிகள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு அடியிலேயே அதன் பொருளை எழுதிவிடுங்கள். உதாரணமாக இப்படி:

0 : அளந்தோம், மதிப்பு பூஜ்யம்.
.. : அளக்கவில்லை, அல்லது தகவல் வந்து சேரவில்லை.
– : இந்த வரிசைக்குப் பொருந்தாது.
< 0.5 : அளந்தோம், கருவியின் எல்லைக்குக் கீழே.